முயல் கடித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

கால்நடை மருத்துவர்களிடம் முயலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் புகார்களில் ஒன்று, "பார்க்கச் சாதுவா இருக்கு டாக்டர், கையை வெச்சா கடிக்குது." நான் உடனே திருப்பிக் கேட்பேன்: "எங்கே இருக்கும்போது கடித்தது?" விரலிலா, கணுக்காலிலா என்பதும் வேண்டும்தான். அதைவிட முக்கியம், முயல் அப்போது கூண்டுக்குள் இருந்ததா, உங்கள் மடியில் இருந்ததா, தரையில் ஓடிக்கொண்டிருந்ததா என்பது. அது தெரிந்தால் பாதிக் காரணம் கிடைத்துவிடும். முயலுக்குக் கெட்ட குணம் என்று ஒன்று இருப்பதாக நான் நம்புவதில்லை.

முயலின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கமும், சற்று மேலே தள்ளி இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே முன்னும் பின்னும் மேலும் அதற்குத் தெரியும். பருந்து, நரி, காட்டுப்பூனை என்று எல்லாவற்றுக்கும் இரையாகிற பிராணிக்கு இந்தப் பார்வை தேவை. ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழேயும் ஒரு சின்ன இடம் அதற்குத் தெரியாது. அங்கே என்ன இருக்கிறது என்று மோப்பத்தாலும் மீசை முடியாலும் உதட்டாலும்தான் அறிந்துகொள்ளும். நாமோ நாய்க்குட்டியிடம் நீட்டுவதுபோல விரலைச் சரியாக அந்த இடத்தில் நீட்டுகிறோம். விரலில் கேரட் வாசனை இருந்தால் தீனி என்று கவ்வும். பூனையையோ வேறொரு முயலையோ தொட்ட வாசனை இருந்தால் மிரண்டு கடிக்கும். கம்பி இடுக்கு வழியாகத் தீனி ஊட்டிப் பழக்கிய முயலுக்கு, அந்த இடுக்கில் எது வந்தாலும் தீனிதான். குழந்தைகளின் விரல் அடிக்கடி கடிபடுவது இப்படித்தான். பக்கவாட்டில் தாழ்வாகக் கையைக் கொண்டுபோய் நெற்றியைத் தடவுங்கள். பெரும்பாலான முயல்கள் அதை விரும்பும்.

சரி, கூண்டுக்குள் கடிக்கிற முயலுக்கு வருவோம். நாம் வீட்டில் வளர்க்கும் இனங்கள் எல்லாமே, ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் தோன்றிய ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. நம் ஊர்க் காட்டோரங்களில் புதரில் பதுங்கிக் கிடக்கிற முயல் வேறு இனம், வளை தோண்டாது. (அதைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) வளையில் வாழும் ஐரோப்பிய இனத்தில், குட்டி போடும் இடத்துக்காகப் பெட்டைகள் ஒன்றோடொன்று சண்டை போடும். வீட்டு முயலுக்குக் கூண்டுதான் வளை. நான்கைந்து மாதம் வரை எது செய்தாலும் பேசாமல் இருந்த பெட்டை, பருவத்துக்கு வந்ததும் தீனிக் கிண்ணத்தை எடுக்கப் போகும் கையின் மேல் 'உர்' என்று பாய்ந்து, முன்னங்காலால் அறைந்து, பிறகு கடிக்கும். கூண்டின் கதவு மேல்பக்கம் இருந்தால் இன்னும் மோசம். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் நிழல்தான்.

இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, அது தானாக வெளியே வரும்வரை காத்திருங்கள். சுத்தம் செய்வது, கிண்ணம் மாற்றுவது எல்லாம் அது வெளியே இருக்கும்போது நடக்கட்டும்.

குட்டி போட்ட தாய் விஷயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். சினைக்காலம் சுமார் 31 நாள். குட்டி பிறந்த பிறகு தாய் ஒரு நாளில் ஒன்றிரண்டு தடவை, அதுவும் சில நிமிடங்கள்தான் பால் கொடுக்கும். மற்ற நேரம் கூட்டை விட்டுத் தள்ளியே இருக்கும். வளையை எதிரிக்குக் காட்டிக் கொடுக்காமல் இருக்க இயற்கை கற்றுக் கொடுத்த வழி அது. "தாய் குட்டிகளைக் கவனிக்கவே மாட்டேங்குது" என்று பதறி நாம் கையை உள்ளே விடுகிறோம், கடி வாங்குகிறோம். சினையே ஆகாத பெட்டைகூட பொய்ச்சினை வந்தால் தன் நெஞ்சு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டி, இரண்டு மூன்று வாரம் சிடுசிடுவென்று இருக்கும்.

ஆண் முயல் உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, மெல்ல உறுமி, கணுக்காலை நறுக்கென்று கடித்தால் அது கோபம் இல்லை, காதல். கருத்தடை அறுவை செய்தால் இந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கும், ஆனால் சில வாரம் ஆகும். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமுள்ள மருத்துவரைத் தேடிப் போங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே நாய், பூனையைப்போல அறுவைக்கு முன் பட்டினி போடக் கூடாது.

அடுத்து மடி. முயலைத் தூக்கினாலே கடிக்கிறது என்கிறவர்களிடம், எப்படித் தூக்குகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்பேன். சந்தையில் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்துப் பழகியவர்கள் நிறைய. காது பிடிமானம் இல்லை. அது ரத்த நாளங்கள் நிறைந்த, வலி தெரிகிற உறுப்பு. முயலின் பின்னங்கால் தசைகள் வலுவானவை, எலும்புகளோ லேசானவை. பின்பக்கம் தொங்கும்போது அது ஓங்கி உதைத்தால் இடுப்புப் பக்கம் முதுகெலும்பே முறிந்துபோகலாம். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்க, உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். சிறு பிள்ளைகள் தூக்கவே வேண்டாம், தரையில் உட்கார்ந்து விளையாடட்டும். மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடக்கிறது, எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறது பாருங்கள் என்று படம் எடுக்கிறார்கள். நிம்மதி எங்கே வந்தது? எதிரி பிடித்துவிட்டால் உறைந்து போகிற பயம் அது.

தோல் கிழியாத செல்லக் கடியும் உண்டு. முயல்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது, முடியில் ஒட்டியிருப்பதை முன்பல்லால் பிடுங்கி எடுக்கும். உங்கள் கையை நக்கிக்கொண்டே வந்து சட்டைத் தையலில் பல்லை வைத்தால் அந்த வேலைதான் நடக்கிறது. நீங்கள் வழியை மறித்து உட்கார்ந்திருந்தால் "கொஞ்சம் நகருங்க" என்பதற்கும் ஒரு கடி. வலித்த மாதிரி 'ஈ' என்று சன்னமாகக் கத்துங்கள் என்று சொல்வார்கள். சில முயல்களிடம் பலிக்கும். மூக்கில் தட்டுவது, அடிப்பது யாரிடமும் பலிக்காது. கைதான் எதிரி என்று அது முடிவு கட்டிவிடும், அவ்வளவுதான்.

நிஜக் கடிக்கு முன்னால் எச்சரிக்கை வரும். காது முதுகோடு படியும், உடல் விறைக்கும், பின்னங்காலால் தரையைத் தொப்பென்று தட்டும். அப்போதே கையை எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

இதில் எதிலும் சேராத ஒன்று, பல மாதம் பழகிய முயல் திடீரென்று கடிக்க ஆரம்பிப்பது. அங்கே வலியைத் தேடுங்கள். இரையாகிற பிராணி வலியை வெளியே காட்டாது, தொட்டால் கடிக்கும். முயலுக்கு 28 பற்கள், எல்லாமே ஆயுள் முழுக்க வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். நாள் முழுக்கப் புல் அரைத்தால்தான் தேயும். பிஸ்கட், சோறு, குச்சித் தீவனம் மட்டும் தின்கிற முயலுக்குக் கடைவாய்ப் பல்லில் கூர் முளைத்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். தாடை ஈரமாக இருக்கிறதா, தீனியை வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா என்று பாருங்கள். கம்பித் தரையில் நிற்கிற முயலின் பாதத்தில் புண் இருக்கலாம். காதைத் தொட்டால் மட்டும் கடித்தால் காதுக்குள் சொறி இருக்கலாம். கடிக்கிறதோ இல்லையோ, அரை நாள் முழுக்க எதுவுமே தின்னவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றே கொண்டு போங்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி: கடித்துவிட்டது, ஊசி போட வேண்டுமா? காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். முயலின் வாயில் இருக்கும் கிருமிகளால் காயம் சீழ் பிடிக்கலாம். ஆழமான கடி என்றாலும், வீங்கினாலும் மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் முயலிடமிருந்து வெறிநோய் வருவது மிக மிக அரிது. ஆனால் உங்கள் முயலை அண்மையில் நாயோ பூனையோ கீரியோ கடித்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தடுப்பூசி வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

நன்றி, வணக்கம்.