645 பொருள்கள், ஒரே சொல்: 'ரன்' இவ்வளவு தூரம் ஓடியது எப்படி?

[திரையில்: பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் பறக்கிறது, மட்டையாளர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.]

வணக்கம். இந்த மட்டையாளர் ஓர் அடிகூட ஓடவில்லை, ஆனாலும் அவர் கணக்கில் ஆறு 'ரன்' ஏறிவிட்டது. ஓடாமலே கிடைத்த ஒன்றை ஓட்டம் என்று எழுதிக்கொள்வதில் நமக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளில் அடங்கும் இந்தச் சொல்லுக்கு, வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்களை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1989-இல் வெளிவந்த அந்த அகராதியின் இரண்டாம் பதிப்பில், 430 பொருள்களுடன் 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. பின்னர் அகராதியைத் திருத்தும் பணியில் 'ரன்' பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளரின் மேசைக்கு வந்தது. அதை முடிக்க அவருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின. நம் கணக்கில் ஒரு பிள்ளையைச் சுமக்கவே பத்து மாதம் என்பதால், மனிதர் விரைவாகத்தான் முடித்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

[திரையில்: இரண்டு ஆறுகள் கலக்கும் வரைபடம்.]

இனி என்னை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது நினைவிருக்கும். குதிரை ஓடியது என்றால் தன்வினை, குதிரையை ஓட்டினான் என்றால் பிறவினை. பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஓர் இணை இருந்தது: தானே ஓடுவதையும் நீர்போல் ஒழுகுவதையும் குறிக்க ஒரு வினை, அதிலிருந்து பிறந்து, குதிரை செலுத்துவது போன்ற செயல்களைக் குறிக்க இன்னொரு வினை. காலப்போக்கில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, இன்றைய 'ரன்' என்ற ஒரே சொல்லாகிவிட்டன என்பது சொற்பிறப்பியலாளர்களின் விளக்கம். உறவு மொழியான ஜெர்மன் இன்றும் ஒழுகுவதற்கு 'ரின்னன்', ஓடுவதற்கு 'ரென்னன்' என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆங்கிலமோ நம்முடைய 'ஓடு', 'ஓட்டு', 'ஒழுகு' ஆகிய மூன்றின் வேலையையும் ஒரே சொல்லின் தலையில் கட்டிவிட்டது.

இதைப் புரிந்துகொண்டால், மனப்பாடம் செய்யச் சொல்லி நம்மை வாட்டிய பல பயன்பாடுகள் தாமாகவே விளங்கும். சளி பிடித்தவரின் மூக்கு 'ரன்' ஆவதும், துவைக்கும்போது சாயம் 'ரன்' ஆவதும், திறந்த குழாயில் தண்ணீர் 'ரன்' ஆவதும் ஒழுகுதல் என்ற மிகப் பழைய பொருளின் வாரிசுகள். தமிழிலோ மூக்கு ஒழுகும், சாயம் போகும், குழாயில் தண்ணீர் வரும். இயந்திரத்தையும் கணினி நிரலையும் 'ரன்' செய்வது பிறவினைப் பக்கத்து உறவு. நிறுவனத்தை 'ரன்' செய்வதும் அப்படித்தான், ஆனால் இங்கே தமிழ் நிதானமான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது: 'நடத்து' என்பது 'நட' என்பதன் பிறவினை அல்லவா? ஆங்கிலேயர் ஓட்டும் நிறுவனத்தை நாம் நடக்க வைக்கிறோம். எனக்கு நம் வேகமே பிடித்திருக்கிறது.

தேர்தலில் இந்த வேடிக்கை இன்னும் கூடுகிறது. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்காக 'ரன்' செய்கிறார், அதாவது ஓடுகிறார். பிரிட்டனில் அவர் 'ஸ்டாண்ட்' செய்கிறார், அதாவது நிற்கிறார். ஆங்கிலம் பேசும் இரண்டு நாடுகளுக்கே இதில் ஒத்த கருத்து இல்லாதபோது, நாம் 'தேர்தலில் நிற்கிறார்' என்று சொல்லிப் பிரிட்டன் பக்கம் சேர்ந்துகொள்கிறோம். நிற்பவர் கேட்பது மட்டும் 'ஓட்டு' என்பது ஒலி செய்த குறும்பு. அது 'வோட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, ஓடுவதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

[திரையில்: வங்கி வாசலில் நீண்ட வரிசை.]

'பேங்க் ரன்' என்ற சொற்றொடரையும் விட்டுவிட முடியாது. ஒரு வங்கி மூழ்கப்போகிறது என்ற அச்சத்தில், போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பதற்கு அது பெயர். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசல்களில் மக்கள் வரிசையாகக் காத்து நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றபோது, அவர்களில் பெரும்பாலோர் கணினிக்கும் கைபேசிக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே வங்கி மூடப்பட்டது. கால்கள் விலகிக்கொண்ட பிறகும் சொல் தன் வேலையை விடவில்லை.

சாலை ஆற்றோரமாக 'ரன்' ஆவதும், ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகள் 'ரன்' ஆவதும், ஒரு குணம் பரம்பரையாகக் குடும்பத்தில் 'ரன்' ஆவதும் இடத்திலோ காலத்திலோ தொடர்ச்சியைக் குறிப்பவை. 'அவுட்', 'இன்டு', 'ஓவர்', 'டவுன்' என்று வால் சேர்ந்தால் கிடைக்கும் பொருள்களுக்குத் தனி வீடியோவே வேண்டும் என்பதால் அவற்றை இப்போது தொடவில்லை.

இதையெல்லாம் கேட்டு ஆங்கிலத்தின் மீது பொறாமைப்பட வேண்டிய தேவை இல்லை. நம் 'ஓடு' என்ற சொல்லும் கடிகாரம், திரைப்படம், காலம், எண்ணம் என எதையும் விட்டுவைக்கவில்லை. மின்னோட்டமும் இரத்த ஓட்டமும் அதன் பிள்ளைகள். நண்பனைக் கேலி செய்வதைக்கூட 'ஓட்டுகிறான்' என்கிறோம், பதற்றம் வந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்கிறோம். கால் ஓடுவது சரி, கை எங்கே ஓடும் என்று ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன விளக்கம் தருவீர்கள்? அதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உங்கள் ஊரில் 'ஓடு' என்பதற்கு வேறு வழக்குகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.