எண்ணெய்க்கு முன்னால் தீர்ந்துபோவது

நேயர்களுக்கு வணக்கம். எங்கோ தொலைவில் ஒரு போர் மூண்டது, ஓர் ஆட்சி கவிழ்ந்தது என்று செய்தி வந்தால் நாம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பெட்ரோல் விலை ஏறுமா?" ஏறும், பெரும்பாலும் ஏறும். ஆனால் விலை ஏறி முடிவதற்குள் இன்னொன்று கைநழுவிப் போய்விடுகிறது. ஒரு நாடு தன் மனத்தில் இருப்பதை வெளியே சொல்லும் உரிமைதான் அது. பல ஆண்டுகளாக நான் இதைத்தான் சொல்லிக்கொண்டு அலைகிறேன். இன்று உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

1973 அக்டோபர் 6. எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. பதினொரு நாள் கழித்து, அரபு எண்ணெய் நாடுகள் குவைத்தில் கூடின. மாதந்தோறும் உற்பத்தியை ஐந்து சதவீதம் குறைப்போம் என்றார்கள். நண்பர்களுக்குப் பழைய அளவே கிடைக்கும், இஸ்ரேலின் பக்கம் நிற்பவர்களுக்குச் சொட்டுக்கூடக் கிடையாது, மற்றவர்கள் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். இந்த மூன்றாவது வரிசையைக் கவனியுங்கள். ஜப்பான் அங்கேதான் நின்றது. அந்தச் சண்டையில் அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. நாம் யாருக்கும் பகையில்லையே என்று டோக்கியோ நினைத்தது. பகையில்லாமல் இருந்தால் போதாது, நண்பன் என்று வாயால் சொல்ல வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஜப்பான் எரித்த எண்ணெயில் ஏறத்தாழ முழுவதும் கப்பலில் வந்தது. அதில் பெரும்பங்கு மேற்கு ஆசியாவிலிருந்து. மக்கள் எப்படி மிரண்டார்கள் தெரியுமா? காகிதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று அரசு சொல்லப்போக, ஒசாகா பக்கத்தில் ஒரு கடையில் கழிப்பறைக் காகிதத்துக்கு வரிசை கட்டி நின்றார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. இத்தனைக்கும் காகித உற்பத்தி குறையவே இல்லை! சிரிக்கலாம், ஆனால் எண்ணெய்ச் சந்தையும் அதே மாதிரிதான் நடந்துகொள்கிறது. 1979இல் ஈரான் புரட்சியின்போது உலகச் சந்தைக்கு வந்த எண்ணெய் நான்கு சதவீதம் அளவுக்குத்தான் குறைந்தது. விலையோ ஓராண்டில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. இன்னும் குறையுமோ என்று ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கியதே பாதிக் காரணம்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். நவம்பர் நடுவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் டோக்கியோ வந்தார். அரபு நாடுகளின் நெருக்கடிக்கு வளைந்துகொடுக்காதீர்கள் என்றார். சரி, எண்ணெய் நின்றுபோனால் நீங்கள் தருவீர்களா? அதற்கு உறுதியான பதில் வரவில்லை. அவர் போன சில நாளில், நவம்பர் 22 அன்று, ஜப்பான் அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. 1967 போரில் பிடித்த பகுதிகள் அனைத்திலிருந்தும் இஸ்ரேல் விலக வேண்டும். நிலைமையைப் பொறுத்து இஸ்ரேலுடனான எங்கள் கொள்கையை மறுபரிசீலனை செய்ய நேரலாம். போருக்குப் பிந்தைய ஜப்பான், அமெரிக்காவின் விருப்பத்துக்கு மாறாக இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அபூர்வம். டிசம்பரில் துணைப் பிரதமர் மிக்கி அரபுத் தலைநகரங்களுக்கு ஒரு சுற்றுப் போய்வந்தார். டிசம்பர் 25இல் ஜப்பான் நண்பர்கள் பட்டியலில் சேர்ந்தது.

அந்த அறிக்கை நியாயமானதா இல்லையா என்பது வேறு விவாதம். என் கணக்கில் அது நியாயமான அறிக்கைதான். ஆனால் செப்டம்பரில் ஏன் வரவில்லை? அதுதான் கேள்வி. போர் தொடங்கி ஏழு வாரத்துக்குள் ஒரு நாட்டின் வாசகம் மாறியது. மறுபடி சொல்கிறேன், கிணறு வற்றுவதற்கு முன்பே வாசகம் மாறிவிடுகிறது.

நம் கதை மட்டும் வேறா? 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அக்டோபரில் கச்சா எண்ணெய் பீப்பாய் 40 டாலரைத் தொட்டது. இந்தியாவிடம் அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. குவைத்தில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்துவர வேண்டியிருந்ததால், பாக்தாத்தைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் ஈராக் அதிபர் சதாமைச் சந்தித்துத் தழுவிக்கொண்ட படம் உலகம் முழுக்க விமர்சிக்கப்பட்டது. விமர்சித்தவர்களுக்கு அங்கே சிக்கிய இத்தனை உறவினர்கள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 1991 ஜனவரியில் நிலைமை தலைகீழ். வளைகுடாவுக்குப் போகும் அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயிலும் சென்னையிலும் எரிபொருள் நிரப்பப் பிரதமர் சந்திரசேகரின் அரசு அனுமதித்தது. அதே மாதம் பன்னாட்டு நிதியத்தின் கடனும் கிடைத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், பிப்ரவரியில் அந்த அனுமதி நின்றது. ஆறு மாதத்துக்குள் இரண்டு பக்கமும் குனிந்தோம்.

எரிவாயு பற்றி விரிவாகப் பேசக் குறிப்பு வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடமாம். ஆகவே ஒன்று மட்டும். 2022இல் உக்ரைன் போர். ரஷ்ய எரிவாயு குறைந்ததால் ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்து எரிவாயுக் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்தது. அந்த ஜூலையில் பாகிஸ்தான் எரிவாயு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரியது. விற்க ஒருவர்கூட வரவில்லை. போரில் அதற்கு என்ன பங்கு? 1973இல் ஜப்பானுக்கு இருந்த அதே பங்குதான்.

கையிருப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. 1974இல் உருவான பன்னாட்டு எரிசக்தி முகமை, உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதிக்கு ஈடான எண்ணெயைச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் பாறைக் குகைகளில் நம் அரசின் கொள்ளளவு 53 லட்சம் டன். அது ஒன்பதரை நாள் தேவைக்குத்தான் வரும். நிறுவனங்களின் தொட்டிகளில் இருப்பது தனிக்கணக்கு. ஏழு வாரத்தில் ஜப்பான் வாய் மாறியது என்றேனே, அந்த ஏழு வாரத்தோடு இந்த ஒன்பதரை நாளை ஒப்பிட்டுப் பாருங்கள். விளக்கு எரிகிறது, நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.