பின்வளவில மரவீடும் தொங்குபாலமும்: கயித்தை ஏன் நேரா இழுக்கக்கூடாது?

வணக்கம் உறவுகளே. வன்னியில வயல்காவலுக்கு மரத்தில பரண் கட்டி, ராவிராவா முழிச்சிருந்து யானைவெடி போடுறதைக் கண்டிருப்பீங்கள், அந்தப் பரணைத்தான் இண்டைக்குப் பிள்ளையளுக்காக வளவுக்குள்ள கட்டப்போறம், கூட ஒரு தொங்குபாலமும்.

மரம்: வேம்பு, புளி, மா, பாலை எல்லாம் சரி, முருங்கை மட்டும் வேண்டாம், சட்டெண்டு முறியும்.

(மரப்பட்டையைக் கிட்டக் காட்டவும்)

இந்தப் பட்டைக்கு உள்பக்கம் ஈரமா ஒரு தோல் தெரியுதே, இலை செய்யிற சாப்பாடு இதாலதான் வேருக்கு இறங்குது. சுத்திவரக் கயிறு இறுக்கிக் கட்டினா மரம் பருக்கேக்க கயிறு உள்ளுக்கு வெட்டி, மரம் கொஞ்சங் கொஞ்சமாப் பட்டுப்போகும். ஒரு தடிச்ச போல்ட் ஏத்துங்கோ, அந்தக் காயத்தை மரம் தாங்கும்.

இனிப் பாலம். முதல் தரம் நாங்கள் கட்டேக்க வடிவா நேரா நிக்கோணும் எண்டு கம்பிக்கயித்தை இழுத்து இறுக்கினம், போல்ட் இருந்த இடத்தில மரம் வெடிச்சுப்போச்சு. ஏனெண்டு கணக்குப் பாத்தாத்தான் விளங்கும்: 20 அடி நீளம், 200 கிலோ பாரம் பரவலா நிக்குது எண்டு வையுங்கோ, நடுவில 2 அடி தொய்வு விட்டா ரெண்டு கயித்திலையும் சேத்து ஏறக்குறைய 250 கிலோ இழுவைதான், தொய்வு 1 அடி எண்டா 500, அரை அடி எண்டா 1000 கிலோ! அதோட சோளகக் காத்துக்கு ரெண்டு மரமும் வேற வேற பக்கம் ஆடும், தொய்வு இல்லாட்டி அந்த ஆட்டமும் போல்ட்டிலதான் விழும். பாலம் தொய்ஞ்சுதான் நிக்கோணும், தயவுசெய்து இதை விட்டுக்குடுக்காதேங்கோ.

(கயித்து நுனியைக் கிட்டக் காட்டவும்)

நுனியை மடிச்சு மூண்டு யூ கிளிப் (கயித்தை நெரிச்சுப் பிடிக்கிற U வடிவக் கவ்வி) போடுங்கோ, வளைஞ்ச கம்பி குட்டைவால், அதாவது மடிச்சு விட்ட நுனிப் பக்கம் வரோணும், அடிக்கட்டை, அதாவது நட்டுப் பூட்டுற துண்டு, பாரம் இழுக்கிற கயித்தில இருக்கோணும், மாறிப்போட்டா பாரம் தாங்குற கயிறு நசியும்.

கைபிடிக் கயிறு, ரெண்டு பக்கமும் புது வலை, சரி. பிள்ளையளை ஏத்த முதல் நெல்லு மூட்டையளைப் பாலத்தில பரவி ஒரு ராவு விடுங்கோ, விடிய கிளிப் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கோ, கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும்.