பெட்டி இறங்கும் இடத்தில்

வணக்கம். மருத்துவமனை ரத்தப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். டிரோன் பற்றிப் பேசச் சொன்னார்கள், ஆனால் என் மனசு முதலில் ரத்தப் பைக்குத்தான் போகிறது.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இருக்கிற பையைப் பார்த்திருக்கிறீர்களா? இளமஞ்சள் நிறம். அதைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 20லிருந்து 24 டிகிரியில், ஆடும் தட்டில் கிடத்தி, தொட்டில் பிள்ளையைப் போல ராப்பகலாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டாலும் பொதுவாக 5 நாள்தான் தாங்கும். சிங்கப்பூரில் ஒரு போன் போட்டால் பை வந்துவிடும், சரி. மலைமேல் இருக்கிற சின்ன மருத்துவமனை என்ன செய்யும்? எல்லா வகை ரத்தமும் வாங்கி வைத்தால் கெட்டுப்போகும், வைக்காவிட்டால் நடுராத்திரியில் பிரசவமான தாய்க்கு உதிரப்போக்கு நிற்காதபோது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆப்பிரிக்காவில் இருக்கிற ருவாண்டா முழுக்க மலை. அங்கே 2016 அக்டோபரில் முஹாங்கா என்ற ஊரிலிருந்து ஸிப்லைன் நிறுவனத்தின் டிரோன்கள் ரத்தம் கொண்டுபோக ஆரம்பித்தன. மருத்துவமனை கேட்டதும் பையைப் பெட்டியில் கட்டி, கவண்கல் எறிகிற மாதிரி டிரோனை வானத்தில் ஏவுகிறார்கள். மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகம். போன இடத்தில் இறங்குவதில்லை, தாழப் பறந்து பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும், பெட்டி சின்ன பாராசூட்டில் மெல்ல இறங்கும், தாதி வந்து எடுத்துக்கொள்வார்.

2022ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ரத்தம் போய்ச் சேர சராசரி 50 நிமிஷம். சாலை வழியைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். அப்புறம், காலாவதியாகி வீணான ரத்தம் 12 மாதத்தில் 67 விழுக்காடு குறைந்திருக்கிறது. எனக்கு இந்தக் கடைசி எண்தான் பெரிசு. யாரோ வேலை முடிந்து வந்து, கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது. தேதி தாண்டிய பையைக் கழிவுப் பையில் போடும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். எல்லாம் ஒரே இடத்தில் இருந்து, கேட்ட ஊருக்குக் கேட்ட பை மட்டும் போனால் அவ்வளவு வீணாகாது.

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலும் 2018 டிசம்பரில் எரோமாங்கோ தீவில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குக்ஸ் பே ஊருக்குத் தடுப்பூசி மருந்தை டிரோனில் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அங்கிருந்த தாதி 13 பிள்ளைகளுக்கும் 5 கர்ப்பிணிகளுக்கும் ஊசி போட்டார். முதல் ஊசி ஒரு மாதக் குழந்தைக்கு.

இந்த மாதிரி டிரோன் ஒரு தடவைக்குச் சில கிலோதான் சுமக்கும், நோயாளியை ஏற்றாது. அதனால், டிரோன் இருக்கிறது, சாலை போட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். குக்ஸ் பேயில் ஊசி போடத் தெரிந்த ஒருவர் பெட்டிக்காகக் காத்திருந்தார், அதனால்தான் மருந்து அந்தக் குழந்தையின் உடம்புக்குள் போனது. டிரோனுக்குக் காசு ஒதுக்கும் எந்த அரசாங்கமும் அந்தத் தாதியின் சம்பளத்தை முதலில் எழுதி வைக்கட்டும்.