வாரத்துக்கு 40 மணி நேரம்தானே, ஓவர்டைம் எதற்கு என்கிறார் முதலாளி. சரியா?

அடுத்த கேள்வி கலிபோர்னியாவிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. உணவகத்தில் மணிக்கு 18 டாலருக்கு வேலை செய்கிறார். வாரத்தில் நான்கு நாள், தினம் பத்து மணி நேரம். ஓவர்டைம் கேட்டால், "ஃபெடரல் சட்டப்படி 40 மணி நேரம் தாண்டினால்தான் உண்டு" என்கிறாராம் முதலாளி.

ஃபெடரல் சட்டம், அதாவது அமெரிக்கா முழுமைக்குமான மத்திய அரசுச் சட்டம் பற்றி அவர் சொன்னது உண்மைதான். 1938-இல் வந்த அந்தச் சட்டம் வாரக் கணக்கை மட்டும்தான் பார்க்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவை அவர் சொல்லவில்லை. மாநிலச் சட்டம் தொழிலாளிக்கு அதிகமாகக் கொடுக்கச் சொன்னால், ஃபெடரல் சட்டத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்கிறது அது.

கலிபோர்னியாவில் நாள் கணக்கும் உண்டு. ஒரே நாளில் 8 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு, 12 தாண்டினால் இரண்டு மடங்கு. அப்படியென்றால் சகோதரி, உங்களுக்கு தினம் 2 மணி நேரம், வாரத்துக்கு 8 மணி நேரம் ஓவர்டைம். அந்த நேரத்துக்கு 18 இல்லை, 27 டாலர் வர வேண்டும். வாரா வாரம் 72 டாலரை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உழைத்த காசு அது, விடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நாளுக்குப் பத்து மணி நேர ஏற்பாட்டுக்கு ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முறைப்படி ரகசிய வாக்கெடுப்பில் சம்மதித்திருந்தால் நிலைமை வேறு. "ஒத்துக்கொண்டுதானே வேலைக்கு வந்தீர்கள்" என்பதெல்லாம் வாக்கெடுப்பு ஆகாது.

டெக்சாஸில் இருப்பவர்கள் கவனியுங்கள், அங்கே இந்த நாள் கணக்கு கிடையாது. ஜார்ஜியாவில் கதை தலைகீழ். மாநிலச் சட்டத்தில் குறைந்தபட்சக் கூலி 5.15 டாலர்தான். ஆனால் ஃபெடரல் சட்டத்துக்குள் வருகிற முதலாளி, 2009 முதல் இருக்கிற 7.25-ஐக் கொடுத்தாக வேண்டும். எது அதிகமோ அதுதான்.

சரி, என்ன செய்யலாம்? வந்த நேரம், போன நேரத்தை தினமும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். சம்பள ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். முதலில் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் கலிபோர்னியா மாநில லேபர் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பொதுவாக மூன்று வருடப் பாக்கி வரை கேட்கலாம். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் அது தனிக் குற்றச்சாட்டு, அதற்கும் அங்கேயே முறையிடலாம்.