டாங்கிக்குள் நான்கு பேர்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, கூடத்தைத் தந்து உதவிய நூலகர் அம்மா அவர்களே, பதக்கங்கள் அணிந்து வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நம் இந்திய ராணுவத்தின் பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமென்ட் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அதன் வரலாறு, போரில் அதன் வேலை, அதன் ஒரு டாங்கிக்குள் இருந்த நான்கு பேர்.

1817-இல் குதிரைப்படையாகத் தொடங்கியது. டாங்கி வந்த பிறகும் பெயரில் குதிரை இருக்கிறது. காலாட்படைக்கு வழி திறப்பதும், எதிரி டாங்கிகளை மறிப்பதும் அதன் வேலை. 1965 பாகிஸ்தான் போரில் அதன் தளபதி தாராபூர் காயம்பட்டும் களத்தை விட்டுப் போக மறுத்தார்; அங்கேயே உயிர்விட்டார். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா கிடைத்தது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். டாங்கியும் அப்படித்தான், உள்ளே நான்கு பேர் சேர்ந்து இயக்குவது.

மீண்டும் பாகிஸ்தானோடு போர். 1971 டிசம்பர் 15 இரவு, பசந்தர் ஆறு. அக்கரை முழுக்கக் கண்ணிவெடி. அதை அகற்றியவர்கள் யார் தெரியுமா? சாப்பர்ஸ் என்றால் ராணுவப் பொறியாளர்கள்; நம் மெட்ராஸ் சாப்பர்ஸின் 9-ஆவது பொறியாளர் ரெஜிமென்ட்! வழி முழுதாகத் திறக்கும் முன்பே எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிந்துவிட்டது. பூனா ஹார்ஸ் காத்திருக்கவில்லை, கண்ணிவெடி நிலத்துக்குள்ளேயே டாங்கிகளை ஓட்டிவிட்டது. மறுநாள் ஜர்பால் என்ற ஊரில் கடும் சண்டை. பூனா ஹார்ஸின் 21 வயது அதிகாரி அருண் கேத்தர்பால் தலைமையில் இருந்த செஞ்சூரியன் டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது. இறங்கிவிடு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு. என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, டாங்கியை விட மாட்டேன் என்றார் அந்தப் பிள்ளை. அடுத்து விழுந்த குண்டில் உயிர் போனது. அவருக்கும் பரம்வீர் சக்ரா.

சரி, அந்த டாங்கியை ஓட்டியது யார்? பிரயாக் சிங். குறி வைத்துச் சுட்டவர் நாத்து சிங். வயர்லெஸ்ஸைப் பார்த்தவர் நந்த் சிங். அவரும் அதே டாங்கியில் இறந்தார். இந்த மூன்று பெயர்களை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? ஊர் கூடித்தானே தேர் நகர்ந்தது!

அதனால்தான் மேடைக்கு மேடை கேட்கிறேன். நம் ஊரில் ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள், சாப்பர்கள், சமையல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நினைவுகளைக் குரலில் பதிவுசெய்து நூலகத்தில் வைக்க வேண்டும். பேரூராட்சித் தலைவர் அவர்கள் ஓர் அலமாரியும் ஒரு பதிவுக் கருவியும் தர வேண்டும். மாணவர்களே, வீட்டில் தாத்தா இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். ஊர் கூடித் தேர் இழுப்போம். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம், பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.