டாக்டர் கேஸ் அப்பீல்: 45 நாளை எங்கேர்ந்து எண்ணறது? கேஸ் முடிஞ்சுதா இல்லியா, அதைப் பாருங்க முதல்ல!

வணக்கம் மக்களே. இன்னிக்கு கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணிருக்கேன். ஒரு குட்டி வீடியோ சுத்திக்கிட்டு இருக்குது பாருங்க, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடின்னு எல்லா வாட்ஸ்அப் குரூப்புலயும். "ஆஸ்பத்திரி மேல கேஸா? எந்த ஆர்டர் வந்தாலும் 45 நாள்ல அப்பீல் போடலாம், டென்ஷன் ஆவாதீங்க"ன்னு சொல்லிட்டு அந்த ஆளு போயிட்டாரு. எந்த ஆர்டர் வந்தாலுமா? எந்தக் கோர்ட்டுல? எந்தத் தேதிலேர்ந்து? ஒண்ணும் கிடையாது. பின்னாடி மியூசிக் மட்டும் நல்லா கும்முனு போட்டிருக்காங்க.

சரி, மஞ்சள் ஹைலைட்டர் எடுத்தாச்சு. நம்ம வழக்கம் தெரியும் இல்ல, மஞ்சள்னா தேதி, பச்சைன்னா பணம்.

அந்த 45 எங்கேர்ந்து வருதுன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செக்ஷன் 41. மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு, அதாவது டிஸ்ட்ரிக்ட் கமிஷன், போட்ட ஆர்டர் மேல மாநில அளவுல இருக்கற ஸ்டேட் கமிஷனுக்குப் போறதுக்கு மட்டும்தான் அது. ஸ்டேட் கமிஷன்லயே ஆரம்பிச்ச கேஸ்னா டெல்லி நேஷனல் கமிஷனுக்குப் போவணும், செக்ஷன் 51, 30 நாள்தான். அந்த வீடியோவை நம்பி 45 வரைக்கும் உக்காந்திருந்தா 15 நாள் லேட்டு.

இப்ப முக்கியமான விஷயம். ஒரு சாதாரண டாக்டர் கேஸை எடுத்துக்கோங்க. ஆஸ்பத்திரி முதல் எதிர்தரப்பு, ஆபரேஷன் பண்ண சர்ஜன் ரெண்டாவது, மயக்க மருந்து டாக்டர் மூணாவது, இன்சூரன்ஸ் கம்பெனி நாலாவது. கேஸ் நடக்கும்போது ஏகப்பட்ட ஆர்டர் வரும். "எக்ஸ்பர்ட் டாக்டர் கருத்து வாங்கணும்"னு நீங்க ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போடறீங்க, தள்ளுபடி. "சர்ஜனைக் குறுக்கு விசாரணை பண்ணணும்"னு இன்னொண்ணு, அதுவும் தள்ளுபடி. கோவம் வரும், வரட்டும். ஆனா இதுல யாருக்கும் கேஸ் முடியல. இதுக்கெல்லாம் அப்பீல்னு எடுத்துட்டுப் போனா, "இது இடைக்கால ஆர்டர், மெயின் கேஸ் அப்படியே நிக்குது"ன்னு திருப்பி அனுப்பறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அதுக்கு வழி ரிவிஷன், அதாவது கீழ் கமிஷன் அதிகாரத்தைச் சரியாப் பயன்படுத்துச்சான்னு மட்டும் ஸ்டேட் கமிஷன் பார்க்கறது, செக்ஷன் 47-1-பி. அதுவும் குறுகலான வழி. கமிஷன் இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கிச்சு, இருக்கற அதிகாரத்தைப் பயன்படுத்தல, இல்ல சட்டவிரோதமாவோ பெரிய முறைகேடோட பயன்படுத்துச்சு, இந்த மூணுல ஒண்ணைக் காட்டணும். "எனக்கு இந்த ஆர்டர் பிடிக்கல"ன்னா வேலைக்கு ஆவாது.

பேஷன்ட் பக்கம் நிக்கறவங்க ஒவ்வொரு ஐ.ஏ.வுக்கும் ரிவிஷன் ஓடாதீங்கன்னுதான் நான் சொல்வேன். மேல ஃபைல் கிடக்கற வரைக்கும் கீழ மெயின் கேஸ் நகராம நிக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. லேட் ஆவ ஆவ யாருக்கு லாபம்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் குறையைக் கடைசி ஆர்டர் மேல போடற அப்பீல்ல ஒரு காரணமா எழுதலாம்.

ஆனா, இங்கதான் மாட்டிக்கறாங்க. "மயக்க மருந்து டாக்டர் மேல புகார் செல்லாது"ன்னு சொல்லி நடுவுல அவரை மட்டும் கேஸ்லேர்ந்து விடுவிச்சா? மத்த மூணு பேர் மேல கேஸ் நடக்குது, அதனால மொத்தமா முடியட்டும்னு விட்டுடறாங்க. விடாதீங்க! அவரைப் பொறுத்தவரைக்கும் அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. நாள் கணக்கை அந்த ஆர்டர் தேதிலேர்ந்தே எண்ணுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மெயின் ஆர்டர்ல "தப்பு மயக்க மருந்துலதான்"னு வந்துச்சுன்னா யாரைப் போய்ப் பிடிப்பீங்க?

அதே மாதிரி அட்மிஷன் கட்டத்துலயே, அதாவது புகாரை எடுத்துக்கலாமான்னு பார்க்கும்போதே, "புகார் போடற ரெண்டு வருஷக் கெடு தாண்டிடுச்சு"ன்னு தள்ளினா, அதுவும் முடிஞ்ச கேஸ்தான். நீங்களோ வக்கீலோ ஆஜராவலன்னு தள்ளுபடி ஆனாலும் அப்படித்தான். டிஸ்ட்ரிக்ட் கமிஷன்லயே ஒரு மனு போட்டுத் திரும்ப உயிர் கொடுத்துடலாம்னு நினைக்கறாங்க. முடியாது. 2011ல ராஜீவ் ஹிதேந்திர பாடக் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவாச் சொல்லிடுச்சு, டிஸ்ட்ரிக்ட்டுக்கும் ஸ்டேட்டுக்கும் தன்னோட ஆர்டரை வாபஸ் வாங்கற அதிகாரம் இல்லன்னு. புதுச் சட்டத்துல செக்ஷன் 40ல ரிவ்யூ, அதாவது தன் ஆர்டரைத் தானே திரும்பப் பார்க்கறது, இருக்குது, 30 நாள், ஆனா பார்த்தவுடனே தெரியற பிழைக்கு மட்டும். அந்த ரிவ்யூ நம்பிக்கையில உக்காந்தா இந்தப் பக்கம் 45 ஓடிக்கிட்டே இருக்கும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர். காப்பி! சிரிக்காதீங்க, நான் காப்பியைப் பத்திப் பேசாம எந்த வீடியோவும் முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். ஆர்டர் காப்பி ஒண்ணு உங்களுக்கு ஃப்ரீ. கூடுதல் சான்று நகல் வேணும்னா 20 ரூபா. பக்கத்துக்கு இல்ல, மொத்தத்துக்கு! டாக்டர் கேஸ் ஆர்டர்னா கேஸ் ஷீட்டு (ஆஸ்பத்திரியோட சிகிச்சைப் பதிவு), மெடிக்கல் புக்குன்னு எல்லாத்தையும் எடுத்து எழுதி 40 பக்கம்கூட வரும், அப்பவும் அதே 20 ரூபாதான். தம்பு செட்டித் தெருவுல எந்த ஜெராக்ஸ் கடையிலயும் இது நடக்காது. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கி வைங்க. யாராவது 20க்கு மேல கேட்டா எந்த விதின்னு கேளுங்க, ரசீது கேளுங்க. என்னைக் கேட்டா நம்ம ஊர்ல 20 ரூபாய்க்கு இதைவிட உருப்படியான பொருள் கிடையாது.

அந்த நகல்ல என்ன தேதியெல்லாம் இருக்கணும் தெரியுமா? ஃப்ரீ காப்பி கொடுத்த தேதி, நீங்க நகலுக்கு மனு போட்ட தேதி, நகல் ரெடி ஆன தேதி, கையில கொடுத்த தேதி. நாலும் இருக்கான்னு கவுன்ட்டர்லயே நின்னு பாருங்க. மஞ்சள் அடிங்க. சட்டத்துல "ஆணையின் தேதியிலிருந்து"ன்னுதான் போட்டிருக்குது. ஆர்டரே கைக்கு வராம எப்படி அப்பீல் எழுதறதுன்னு வாதாடறதுக்கு இந்த முத்திரைதான் ஆதாரம். ஆனா நீங்க எண்ணும்போது ஆர்டர் தேதிலேர்ந்தே எண்ணுங்க, காப்பி தேதி அவசரத்துக்கு. தாண்டிடுச்சுன்னா தாமத மன்னிப்பு மனு, கூடவே அஃபிடவிட்டு. "உடம்பு சரியில்ல"ன்னு ஒத்த வரி எழுதாதீங்க, எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும், சீட்டு எங்கன்னு எழுதணும்.

பச்சை ஹைலைட்டர். கீழ் ஆர்டர்படி பணம் கட்ட வேண்டிய ஆள், அதாவது ஆஸ்பத்திரியோ டாக்டரோ, அப்பீல் போட்டா அந்தத் தொகையில பாதியை முன்னாடியே கட்டணும். கட்டலன்னா அப்பீலை எடுத்துக்கவே மாட்டாங்க. அசலுக்கு மட்டும் பாதி போட்டு வட்டியை விட்டுட்டா பதிவகத்துல கேள்வி வரும். நஷ்டஈடு பத்தலன்னு பேஷன்ட் அப்பீல் போட்டா இந்த டெபாசிட் கிடையாது, ஏன்னா நீங்க கட்ட வேண்டியவங்க இல்ல.

ஆங், ஒண்ணு விட்டுப்போச்சு. புகார் 2020 ஜூலை 20க்கு முன்னாடி போட்டதுன்னா பழைய 1986 சட்டத்துக் கணக்கு. ஸ்டேட் கமிஷனுக்கு பாதி இல்லன்னா 25,000, எது குறைச்சலோ அது. 2022ல ஈ.சி.ஜி.சி. கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லிச்சு. பழைய கேஸ்ல எதிர்தரப்பு 25,000 மட்டும் கட்டினா ஏமாத்தறாங்கன்னு கத்தாதீங்க, அது சரிதான்.

இன்னொண்ணு, ஆஸ்பத்திரி அப்பீல் போட்டுடுச்சு, அதுலயே நம்மளும் கூடக் கேட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. சிவில் கோர்ட்டுல சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 41 ரூல் 22ல குறுக்கு மறுப்பு இருக்குது, அதாவது தனி அப்பீல் போடாம எதிராளி அப்பீல்லயே நம்ம குறையைச் சொல்றது. நுகர்வோர் சட்டத்துல அதுக்குன்னு தனிப் பிரிவு கிடையாது. 20 லட்சம் கேட்டு 5 லட்சம் வந்திருந்தா உங்க அப்பீலை நீங்கதான் 45 நாளுக்குள்ள போடணும். ரெண்டு பக்கமும் போடலன்னா செக்ஷன் 68, அந்த ஆர்டர்தான் கடைசி. அப்பீல் போட்டதாலயே ஸ்டேவும் வந்துடாது. தனியா ஸ்டே ஆர்டர் இல்லன்னா நீங்க செக்ஷன் 71ல பணத்தை வசூல் பண்ண மனு போடலாம்.

சமரசத்துல, அதாவது மீடியேஷன்ல, முடிஞ்ச ஆர்டருக்கு அப்பீலே கிடையாது. சாவு, கொடுங்காயம் சம்பந்தப்பட்ட மருத்துவ அலட்சியக் கேஸை சமரசத்துக்கு அனுப்பவே கூடாதுன்னு 2020 மத்தியஸ்த விதி 4 சொல்லுது. அதனால யாராவது "மீடியேஷன்ல கையெழுத்துப் போடுங்க"ன்னா முதல்ல அந்த விதியைக் காட்டுங்க.

மேல போவப் போவ வாசல் சின்னதாவுது. ஸ்டேட் கமிஷன் அப்பீல்ல சொன்னதுக்கு மேல நேஷனல் கமிஷன்ல ரெண்டாவது அப்பீல் வேணும்னா முக்கியமான சட்டக் கேள்வி இருக்கணும், செக்ஷன் 51-2. நர்ஸ் எத்தனை மணிக்கு வந்தாங்கங்கறதெல்லாம் அங்க எடுபடாது. நேஷனல் கமிஷன் அப்பீல்ல சொன்ன ஆர்டர் மேல செக்ஷன் 67ல சுப்ரீம் கோர்ட்டுக்கு நேரா போவ முடியாது. 2022ல இப்ரத் ஃபைசான் கேஸ் பாருங்க, ஹைகோர்ட்டுல அரசியலமைப்புச் சட்டம் 227வது பிரிவுல போவலாம்.

எல்லாருக்கும் முழுக்க இலவசமா பார்க்கற ஆஸ்பத்திரின்னா கமிஷனே கிடையாது, சுப்ரீம் கோர்ட்டோட வி.பி. சாந்தா தீர்ப்பு பத்தின வீடியோல பேசினோம். சிவில் கோர்ட்டுதான், அங்க கணக்கே வேற. டிக்ரி, அதாவது சிவில் கோர்ட்டோட முடிவான தீர்ப்பாணை, வந்தா சிவில் நடைமுறைச் சட்டம் செக்ஷன் 96ல அப்பீல், ஹைகோர்ட்டுக்கு 90 நாள், மத்த கோர்ட்டுக்கு 30. நகல் எடுக்க ஆன நாளைக் கழிச்சுக்கலாம். அதே சட்டத்தோட ஆர்டர் 7 ரூல் 11ல பிளைன்ட்டையே, அதாவது வழக்கு மனுவையே, நிராகரிச்சா அதுவும் டிக்ரி, அப்பீல் போடலாம். நிராகரிக்க மாட்டேன்னு சொன்னா டிக்ரி இல்ல, ஆஸ்பத்திரிக்கு ரிவிஷன்தான். "ஆஸ்பத்திரியை விட்டுட்டு சர்ஜன் மேல மட்டும் நடத்து"ன்னு பிளைன்ட்டைப் பாதியா வெட்டவும் கூடாது, சுப்ரீம் கோர்ட்டு செஜல் கிளாஸ் கேஸ்ல சொன்னது.

அடுத்த வீடியோ கேஸ் ஷீட்டு. நீங்க எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும், எப்படி எழுதிக் கேக்கறதுன்னு பாப்போம். வரேன் மக்களே.